ராணியின்ர நாலாம் ஆணி

கனடாவில விட்பி எண்ட ஊரில கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுற வெள்ளைக் குதிரை ராணிக்குக் கண்ணூறு பட்டுக் கால் நொண்டிப் போச்சாம். லாடம் அடிக்கிற றெமிஜியஸ் அண்ணைதான் உப்பும் செத்தல் மிளகாயும் சுத்தி எரிச்சு அதை நடக்க வைச்சாராம். ஸ்காபரோ ரேக்கவுட் சாப்பாட்டுக்கடை லைனில இதுதான் கதை. அதை விடுங்கோ. நடந்ததைக் கேளுங்கோ.

அண்ணை கனடா வந்த புதுசில குதிரைப் பண்ணையில லத்தி அள்ளப் போனவர். எந்த நேரமும் குனிஞ்சபடி நிண்டதில குதிரையின்ர முகத்தைவிடக் குளம்பைத்தான் கூடப் பாத்தவர். அப்பிடியே லாடத்தொழிலுக்குள்ள போய் இருபது வருசமாச்சு. "என்ர குதிக்கால் வெடிப்பை ஒருநாள் பாத்திருப்பியளோ?" எண்டு மனுசி அருள்மலர் இண்டைக்கும் கேப்பா.

வியாழக்கிழமை ராணிக்குப் புது லாடம். ஆணி கெட்டிக் குளம்புக்குள்ள போனா 'டிங்' எண்டு கேக்கும். உள்ளுக்க உயிர்ச்சதைப் பக்கம் போனா 'டொக்' எண்டு ஒரு செத்த சத்தம். நாலாம் ஆணி 'டொக்' எண்டுது. ராணி காலை வெடுக்கெண்டு இழுத்துது. உடன கழட்டியிருக்க வேணும். குதிரைக்காரி செலீன் தலைமாட்டில நிண்டு, "அண்ணை, சனிக்கிழமை மாப்பிளை ஏறவேணும், கெதியா" எண்டாள். அண்ணையும் 'ஈ கடிச்சிருக்கும்' எண்டு தனக்கே பொய் சொல்லி, குளம்புக்கு வெளியால வந்த ஆணி முனையை மடக்கிவிட்டார்.

சனிக்கிழமை மண்டப வாசல்வரைக்கும் போகேல்லை, பார்க்கிங்கில பாதிவழியில ராணி முன்னங்காலைத் தூக்கினது தூக்கினதுதான். மாப்பிளை இறங்கி நடந்தார். அன்ரிமார் மண்டபக் குசினியில செத்தல் மிளகாய் வாங்கி அதிலயே புகை போட, குதிரை தும்மின தும்மலில மாப்பிளையின்ர தலைப்பா நனைஞ்சு போச்சு.

ஞாயிறு விடிய மிருக டொக்டர் செலீனுக்குப் போனிலயே சொல்லிப்போட்டார்: "திங்கள் வந்து பாக்கிறன். குளம்புக்குள்ள சீழ் பிடிச்சு எலும்புக்குப் போயிருந்தா, ஊசி போட்டுக் குதிரையின்ர கதையை முடிக்க வேண்டியதுதான்."

அண்ணை கேள்விப்பட்ட கையோட ஓடி வந்தார். ராணியின்ர காலைத் தன்ர ரெண்டு தொடைக்கும் நடுவில இறுக்கி லாடத்தைக் கழட்டினார். நாலாம் ஆணி ஈரமா வந்துது. அந்த ஓட்டையைக் கத்தியால தோண்டினார். ஒண்டும் வரேல்லை. இன்னும் தோண்டினார். ராணி நடுங்குது. கூடத் தோண்டினா ரத்தம், விட்டா ஊசி. "ஒருக்காப் பொறு தாயே, ஒருக்கா" எண்டு கெஞ்சினது குதிரையையோ மாதாவையோ, அவருக்கே தெரியாது. இன்னுமொரு சீவல். கறுத்த சீழ் பீச்சி அவற்ற நெஞ்சில அடிச்சுது.

உப்புப் போட்ட சுடுதண்ணியில காலை வைச்சுக் கட்டுப் போட்டபிறகு ராணி மெல்ல நுனிக்குளம்பை ஊண்டிச்சு.

செலீன் அழுதுகொண்டு அண்ணையின்ர கையைப் பிடிச்சாள். "கண்ணூறு கழிஞ்சுது அண்ணை. வந்த சனத்தின்ர கண் அப்பிடி!"

தலையாட்டிப்போட்டுப் போயிருக்கலாம். பிக்கரிங்கில இருந்து விட்பி வரைக்கும் உள்ள லாயமெல்லாம் செலீனின்ர வாயைக் கேட்டுத்தான் அவரைக் கூப்பிடுறது. அண்ணை கத்தியைக் காற்சட்டையில துடைச்சார்.

"கண்ணூறும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, பிள்ளை. ஆணியைப் பிழையா அடிச்சது நான். அடிக்கேக்கையே எனக்குத் தெரியும்."