பதினாலு மாடியில் விழாதவர்

என் அண்ணன் ராத்திரியில் அப்பாவைக் கட்டிப்போடுகிறானாம். சொன்னது பெரியம்மா மகள். அவளுக்குச் சொன்னது மருந்துக்கடைக்காரர் மனைவி. அந்தம்மா கண்ணால் பார்த்தது, அப்பா அறை ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு, அவ்வளவுதான். மிச்சத்தைத் தெரு பேசி முடித்துவிட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விமானம் ஏறினாலும் ஒரு நாளாகும் தூரத்தில் இருப்பவள் வேறென்ன செய்வேன்? அண்ணனுக்கு ஃபோன் போட்டேன்.

"ஏண்ணா, அப்பாவைக் கட்டிப்போடுறியாமே?"

"எவ வாய் அது? நான் மாடியில படுக்கிறேன். அவர் கீழே, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு. நான் என்ன சுவருக்குள்ளயா புகுந்து வர்றேன்?" என்று எகிறியவன், சட்டென்று குரலை இறக்கினான். "ஆனா அவர் இடுப்புல ஒரு தழும்பு இருக்கு. கேட்டா பெல்ட் இறுக்கம்னார்."

அப்பா பெயின்டர். அடுக்குமாடிகளின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடித்தே எங்கள் இருவரையும் படிக்கவைத்தவர். இடுப்பில் கயிறு இல்லாமல் சாரத்தில் கால் வைக்கமாட்டார். கூட வேலை பார்த்தவர்கள் அவர் பெயரையே மறந்து 'கயிறு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டூலில் ஏறினாலும் கட்டிக்கொள்வார் என்று கிண்டல். "சாயங்காலம் வீட்டுக்குப் போகணும்ல" என்பார். கடைசிவரை விழவில்லை.

வீடியோவில் அழைத்தேன்.

"அப்பா, ஜன்னல் பக்கம் ஃபோனைத் திருப்புங்க."

"ஏன், திரை அழுக்கா இருக்கா?"

"திருப்புங்கப்பா."

திருப்பினார். கம்பியில் ஒரு நுனி. மறுநுனி தலையணைமேல், வளையமாக.

"போன மாசம் கட்டில்லேருந்து உருண்டுட்டேன். பதினாலாவது மாடியில விழாதவன், முழங்கால் உயரத்துலேருந்து விழுந்தேன்னு வெளியே சொல்ல முடியுமா? அதான் கட்டிக்கிறேன். அப்புறம் ஒருநாளும் விழல, பாத்துக்கோ."

பெருமையாகத்தான் சொன்னார்.

"தூக்கத்துல கயிறு கழுத்துக்கு ஏறினா?"

"நான் போட்ட முடிச்சு ஏறுமா? அப்பனுக்கே பாடமா?"

"சரி, அவசரமா எழுந்திருக்கணும்னா? அவிழ்க்க விரல் மடங்குதா?"

ஃபோனைத் தன் பக்கம் திருப்பி, விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"பாத்ரூம் போகணும்னா?"

"அதுக்குத்தான் இருட்டினப்புறம் தண்ணியே குடிக்கிறதில்ல."

எத்தனை நாளாக? தினமும் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். "நல்லாத் தூங்கினேம்மா" என்று அவரும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்; அப்போதே கடைக்குக் கிளம்பினான். வாங்க வேண்டியது: உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் படுகிற தாழ்வான கட்டில். பாத்ரூம் போகும் வழியில் விடியவிடிய எரியும் சின்ன விளக்கு. எழும்போது பிடிக்கச் சுவரில் ஒரு கம்பி. தாழ்ப்பாளைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் வீட்டிலேயே இருந்தது.

மறுபடி அப்பாவை அழைத்துச் சொன்னேன். "புதுக் கட்டில் வரட்டும், கயித்தை உங்கிட்டயே அனுப்பிடறேன், துணி காயப்போடு" என்றார் அப்பா. "இப்ப சாப்பிட்டது கண்ணைச் சொருகுது" என்று துண்டித்துவிட்டார்.

நானும் நிம்மதியாக ஃபோனை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது: பகலில் கண்ணயர்ந்தாலும் கட்டிக்கொள்வாரே! புதுக் கட்டில் இன்னும் வரவில்லையே!

"அண்ணா, கட்டில் அப்புறம் வரட்டும். நீ முதல்ல வீட்டுக்குப் போ."

"என்னாச்சு?"

"போண்ணா!"

போனான். கதவருகிலிருந்து அழைத்தான். மூச்சு வாங்கியது.

"தட்டுறேன், திறக்கமாட்டேங்கிறார். ஜன்னல்ல திரை இழுத்து விட்டிருக்கு, உள்ளே ஒண்ணும் தெரியல. இதை வெச்சிடாத. இன்னொரு ஃபோன்ல அவரைக் கூப்பிடு, அது தலைமாட்டுலதான் கிடக்கும்."

ஆபீஸ் ஃபோனில் கூப்பிட்டேன். ஒரு காதில் மணி போகிறது. மறு காதில், அண்ணனுக்கும் அப்பாவுக்கும் நடுவே இருக்கும் கதவைத் தாண்டி, அதே மணி மெலிதாக அடிக்கிறது.

"அப்பா!" என்று அண்ணன் தோளால் கதவை இடிக்கிறான்.

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.