வாங்காத துவரம்பருப்பு

நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்த நாள் முதல் காந்திமதி வீட்டில் ரேஷன் அரிசி உலையேறியதில்லை. கணவர் குமரவேல் மைன்ஸில் பர்மனென்ட். சாப்பாடு பொன்னி அரிசிதான். அதற்காகக் கார்டை விட்டுவிட முடியுமா? அந்த பிளாக்கில் எல்லா வீட்டிலும் ஒரே வழக்கம். கார்டு வேலைக்காரியின் கையில் இருக்கும். அரிசி அவளுக்கு; சர்க்கரை, பருப்பு, பாமாயில் வீட்டுக்கு. தான் தொடாத அரிசியைக் கொடுத்துவிட்டுத் தர்மவதி என்று பெயரும் வாங்கிக்கொள்ளலாம்.

காந்திமதி வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் செல்லக்கிளி. அவள் பெயர் இன்னும் மாமியார் கார்டில்தான் இருந்தது. அந்த அரிசியில் ஒரு பிடிகூட மாமியார் தரமாட்டாள். காந்திமதியின் கார்டு அரிசியில்தான் செல்லக்கிளியின் இரண்டு பெண்களும் சாப்பிட்டு வளர்ந்தார்கள்.

இரண்டாயிரத்துப் பதினேழில் ஸ்மார்ட் கார்டு வந்தது. ஆதாரோடு செல்போன் நம்பரையும் சேர்த்துக்கொண்டார்கள். கடையில் என்ன வாங்கினாலும் அரசாங்கமே மெசேஜ் அனுப்பிச் சொல்லிவிடும். காந்திமதிக்கு அதில் ஒரு தனிப் பெருமை. வீட்டில் இருந்தபடியே ஊரைக் கண்காணிப்பதாக நினைப்பு.

ஒரு மாதம் செல்லக்கிளி பருப்பு இல்லாமல் வந்தாள். ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு முன்பே மெசேஜ் வந்திருந்தது: துவரம்பருப்பு ஒரு கிலோ வழங்கப்பட்டது. காந்திமதி கடைக்குப் போய் விசாரிக்கவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று படித்தவள்தான். செல்போனில் வந்தால் மட்டும் மெய் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ.

வாசலில் காய்கறி வண்டியைச் சுற்றி பிளாக் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அரிசியைக் கொடுத்தால் பருப்பையும் சுருட்டுகிறாள் என்று செல்போனை ஒவ்வொருவரிடமும் நீட்டிக் காட்டினாள். செல்லக்கிளி பெற்ற பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தாள்.

"கவர்ன்மென்ட் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?" என்றாள் காந்திமதி.

கார்டைக் கொடுத்துவிட்டுப் போன செல்லக்கிளி மறுநாள் வரவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அந்த பிளாக்கில் வேறு எந்த வீட்டிலும் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் செல்போன் சிணுங்கியது. அரிசி, பாமாயில், துவரம்பருப்பு எல்லாம் வழங்கப்பட்டனவாம். காந்திமதி பீரோவைத் திறந்தாள். பூட்டி வைத்த கார்டு பட்டுப்புடவைக்கு அடியில் அப்படியே இருந்தது.

ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போய்க் கேட்டாள். பில் போடுகிற மெஷின் கோளாறாக இருக்கும், நிறைய பேருக்கு இப்படித்தான் வருகிறது, போன மாதமும் பருப்பு யாருக்கும் போடவில்லையே என்றார் கடைக்காரர். சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். தலைகுனிந்து நின்றவள் காந்திமதி.

அன்று சாயங்காலமே ஒரு பை பொன்னி அரிசியைத் தூக்கிக்கொண்டு டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்த செல்லக்கிளி வீட்டுக்குப் போனாள். செல்லக்கிளி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காந்திமதி உட்காரவில்லை. தப்பு என்மேல்தான், பழையபடி வேலைக்கு வா, கார்டும் உன்னிடமே இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

செல்லக்கிளி அரிசிப் பையைத் தொடவில்லை.

"திட்டனப்ப வண்டிக்காரன்கூட கேட்டுக்கினு நின்னான். இத மட்டும் காதோட சொல்றீங்களேம்மா. அந்த எடத்துலயே, அவங்க எதுருலயே சொல்லுங்க. நான் வரேன்."

கட்டாயம் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு காந்திமதி திரும்பினாள். எப்படித் தொடங்குவது, எந்த வார்த்தையில் முடிப்பது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் காலை வண்டி வந்தது. பெண்களும் கூடினார்கள். காந்திமதி வாயெடுப்பதற்குள் எதிர்வீட்டு மலர்விழி முந்திக்கொண்டாள்.

"நல்ல வேளைக்கா, அந்தத் திருடிய நீங்க கண்டுபுடிச்சீங்க. இல்லாட்டி இன்னும் எத்தனை வீட்ட அரிச்சிருப்பாளோ."

எல்லோரும் காந்திமதியைப் பார்த்தார்கள். மெச்சுகிற பார்வை. அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது, பொய்யில்லை. ஆனால் வெட்கப்படுகிறவர்கள் எல்லாம் வாயைத் திறந்துவிடுவார்களா என்ன?

"கத்திரிக்காய் முத்தலா இருக்கே" என்றாள் வண்டிக்காரனிடம்.