கேம்ப் அவுட்டு

ஒகேனக்கல் போகிற வழியில் இப்போது கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். பெங்களூரிலிருந்து வந்து, காசு கொடுத்து, தரையில் படுத்துவிட்டுப் போகிறார்கள். படுக்கட்டும். பஸ் ஜன்னலில் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. அது என்னுடையதல்ல, அப்பாவுடையது.

ஏழாம் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சர் சொன்னார்: கேம்ப் அவுட் என்றால் வீட்டை விட்டு வெளியே, வானத்துக்குக் கீழே, மகிழ்ச்சியாகத் தங்குவது. 'அவுட்' முக்கியம், அதை விட்டால் கண் சிகிச்சை முகாம், கேம்ப் போன ஆபீசர் என்று அர்த்தம் வேறெங்கோ போய்விடும். வாக்கியத்தில் அமைத்து வரச் சொன்னார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் ராகிக் கொல்லை காட்டை ஒட்டி இருந்தது. பேப்பரில் தினமும் 'யானைகள் முகாம்' என்று போட்டார்கள். கதிர் பால்பிடித்ததிலிருந்து அப்பா ராக்காவலுக்குப் பரண்மேல்தான். பொழுது சாயத் தகர டப்பாவும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போவார். விடிந்து, கண் சிவந்து வருவார். வந்த கையோடு மாட்டைப் பிடிப்பார். சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போவார். வருஷத்துக்கும் எங்களுக்கு அந்த ராகிதான்.

"அப்பா, நீங்க பண்றதுக்கு இங்கிலீஷ்ல கேம்ப் அவுட்டுன்னு பேரு."

"அப்படீன்னா?"

"சந்தோசமா வெளிய தங்கறது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"எழுதிக்க பாப்பா" என்றார் அப்பா.

சித்தப்பாவுக்கு அந்தச் சொல் வெல்லமாகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் டார்ச்சுக்குப் பேட்டரிக் கட்டை வாங்க அவரோடு டீக்கடைக்குப் போனேன். காக்கிச் சட்டை போட்ட ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கய்யா உங்கண்ணன்? ஆளையே காணோம்."

"காட்டோரம் அவுட்டுங்க சார். தெனம் அவுட்டுதான்!"

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் அவுட்டு என்றால் அவுட்டுக்காய். பழத்துக்குள் வெடிமருந்தை வைத்துக் காட்டோரம் போடுவார்கள். கடிக்கிற மிருகத்தின் வாய் கிழிந்துவிடும். போட்டவருக்கு ஜெயில்.

"ஐயோ, அது இங்கிலீஷுங்க சார்! பாப்பா, சொல்லு சாருக்கு."

ஸ்பெல்லிங்கோடு ஒப்பித்தேன், 'மகிழ்ச்சியாக' உட்பட.

"நல்லாத்தான் சொல்ற. உங்கப்பாவும் வந்து சொல்லட்டும்" என்றார் அவர்.

ஃபாரஸ்ட் ஜீப் கொல்லைக்குப் போய் அப்பாவை ஏற்றிக்கொண்டது. விளக்கம் சொல்ல சித்தப்பா சைக்கிளில் பின்னாலேயே போனார். தேடினார்கள், விசாரித்தார்கள், ஒன்றுமில்லை என்று விடிகாலையில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்த ஒரு ராத்திரி பரணில் ஆளில்லை, அவ்வளவுதான்.

யானைகள் தின்றது பாதி, மிதித்தது மீதி. அம்மா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வீட்டுக்கு வந்து கால் கழுவிப் படுத்தார். பகல் முழுக்கத் தூங்கினார். வெயில் தாழ்ந்தும் தூங்கினார். வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி. அவரை யாரும் எழுப்பவில்லை.

"ஏம்மா, அப்பா இன்னிக்கிப் பரணுக்குப் போவலியா?"

"இனிமே போவ வேண்டாம் கண்ணு."

தெருவுக்கு ஓடினேன். எங்கள் அப்பா இனிமேல் வூட்டிலேயே படுத்துக்கொள்ளலாமாம் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன்.