அத்தான் வெட்டிய வேலி

அக்காவின் வீட்டுப் பின்வளவில் இரண்டு மரத்தூண்கள் நிற்கின்றன. ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே ஒரு குதிரை தாராளமாகப் போகலாம், இரண்டு குதிரைகள் பக்கம் பக்கமாகப் போக முடியாது. இரண்டு தூண்களிலும் நெஞ்சளவு உயரத்தில் ஒரு பழைய துணியின் கிழிசல், காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல இறுக்கிச் சுற்றிக் கட்டியிருக்கும். வீடு விற்பது என் தொழில். கனடாவில் மொன்றியலைச் சுற்றி எத்தனையோ வளவுகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். நீச்சல் குளம், பளிங்குச் சமையலறை என்று வாங்க வருபவர்களிடம் வாய் ஓயாமல் சொல்லியுமிருக்கிறேன். ஆனால் எனக்கு மிகப் பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டால், அந்த இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள வெறும் இடத்தைத்தான் சொல்வேன். அதை உண்டாக்கியவர் அக்காவின் கணவர், என் அத்தான்.

அக்காவும் அத்தானும் மொன்றியல் நோரில் மூன்றாம் மாடி வாடகை வீடொன்றில் இருபத்தாறு வருடம் இருந்தார்கள். அத்தானுக்குப் பாண் பேக்கரியில் வேலை, அக்காவுக்குத் தையல் தொழிற்சாலையில். படியில் ஏறுகிற காலடியை வைத்தே யார் வருகிறார்கள் என்று அக்கா சொல்லிவிடுவாள். கீழ் வீட்டு ஹெயிட்டிக்காரப் பெண்ணுக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அதற்காக அவர்கள் ஒருநாளும் கதைக்காமல் இருந்ததில்லை. அத்தானுக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டியது. என்னைக் காணும்போதெல்லாம் நலம் விசாரிக்க முன்னரே, "பிள்ளை, காணி ஏதும் வந்துதோ?" என்று கேட்பார். பக்கத்து நகரமான லவாலில் நல்ல வீடுகள் காட்டினேன். "உது வீடில்லைப் பிள்ளை. முகட்டோடை முகடு முட்டுது. இடையிலை ஒரு பூனை போகேலாது" என்று காரை விட்டு இறங்காமலே திரும்பிவிடுவார்.

கடைசியில் மொன்றியல் தீவைத் தாண்டி மேற்கே, குதிரை வளர்க்கிறவர்களின் குடியிருப்பு ஒன்றில் மூன்று ஏக்கருடன் ஒரு வீடு விலைக்கு வந்தது. வீட்டுக்கொரு லாயம் இருக்கிற இடம் அது. கார்கள் குதிரைகளுக்கு வழிவிடும். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டு தமிழர்கள், அதிலும் வாழ்நாளில் குதிரையைத் தொட்டுப் பார்க்காதவர்கள், அங்கே போய் என்ன செய்யப்போகிறார்கள் என்று எங்கள் சனம் சிரித்தது. அத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புல்லில் நடந்து பார்த்துவிட்டு, "நாப்பத்தெட்டுப் பரப்பு" என்று ஊர்க் கணக்கில் மாற்றிச் சொன்னார். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டைக் காட்டிய சொந்தக்காரர், வளவின் பின்னெல்லையால் குதிரைக்காரர்கள் போய்வருவது வழக்கம் என்றார். அந்தக் குடியிருப்பின் குதிரைப் பாதை அப்படித்தான், ஒவ்வொருவர் காணியையும் தொட்டுத் தொட்டுப் போகும். அத்தான் என்னைப் பார்த்தார். நான் காணி உறுதிப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உறுதியிலை அப்பிடி ஒண்டும் இல்லை அத்தான். விருப்பமெண்டால் மறிக்கலாம்" என்றேன். கெட்டித்தனம் காட்டுகிறேன் என்று எனக்கு நினைப்பு. அக்கா ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்: "பக்கத்து வீடு எங்கை?" பைன் மரங்களுக்கு அப்பால் தெரிந்த கூரையைக் காட்டினேன். அதை அவள் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசின் கந்தோரில் கையெழுத்து வைக்க முன்னர் அத்தானிடம் சொன்னாள்: "ஒரு வரியம் இருந்து பாப்பம். எனக்கு ஏலாட்டித் திரும்பிப் போவம்." அத்தான் ஓம் என்றார். அவர் சொன்ன சொல் மாறாதவர்.

பனி கரைந்ததும் அத்தான் வேலி போடத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தானுக்குக் காணி என்றால் முதலில் வேலி, பிறகுதான் வீடு. வேலி அடைக்கிற ஒவ்வொரு தடவையும் கதியால் தடியை அரை அடி தள்ளி நட்டுப் பார்க்கிறவர்களும், அந்த அரை அடிக்காகப் பத்து வருடம் வழக்குப் பேசுகிறவர்களும் நாங்கள். அத்தானின் தகப்பனும் அப்படி வழக்குப் பேசியவர்தான். வழக்கில் வென்ற அந்தக் காணியையும் பிறகு யுத்தத்தில் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அதனால் அவர் தனியாளாகக் குழி தோண்டித் தூண் நட்டபோது நான் பகிடி பண்ணினேனே தவிர மறிக்கவில்லை. ஆனி முடிவதற்குள் நாலு பக்கமும் கம்பி வந்துவிட்டது. பின்னெல்லையிலும்தான்.

அக்காவுக்கு அங்கே பழக்கமான சீவன்கள் அந்தக் குதிரைகள் மட்டும்தான் என்பது அத்தானுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சமையலறை யன்னலால் பாதை தெரியும். காலையிலும் பின்னேரத்திலும் போகிறவர்கள் கையை உயர்த்துவார்கள். அவளும் கரண்டியோடு கையை உயர்த்துவாள். சாம்பல் நிறக் குதிரையில் வருகிற நரைத்த தலைப் பெண்ணுக்குக் 'குதிரை மதாம்' என்று பெயரும் வைத்திருந்தாள். வேலி வந்த பிறகு மதாம் கம்பி வரைக்கும் வந்தாள். கொஞ்ச நேரம் நின்று, யன்னல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குதிரையைத் திருப்பிக்கொண்டு கார்கள் ஓடுகிற றோட்டுக்குப் போனாள். பிறகு யாரும் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ வித்த வீட்டை நீயே திருப்பி வித்துத் தா. வரியம் முடியுமட்டும் என்னாலை ஏலாது. நாள் முழுக்க ஒரு முகம் காணேல்லை. குதிரையளாவது வந்துது, அதையும் உன்ரை அத்தான் மறிச்சுப்போட்டார்" என்றாள். மறிக்கலாம் என்று சொன்னவள் நான்தான். அன்றிரவு முழுக்க அது என்னைக் குத்திக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் போனேன். அத்தான் வெயிலில் கறுத்து, கையெல்லாம் கம்பி கீறிய காயத்தோடு, சாப்பாட்டு மேசைக்கு வந்தார். முடித்த வேலையைப் பார்க்கச் சொல்லிச் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். அக்கா அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, கோபம் ஒன்றும் இல்லாத குரலில் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஊரிலை உங்கட வேலியிலை ஒரு பொட்டு இருந்ததெல்லோ?"

பொட்டு என்பது எங்கள் ஊரில் வேலிக்கு நடுவே விடுகிற இடைவெளி. பெண்கள் றோட்டுக்குப் போகாமல் வீட்டுக்கு வீடு போய்வர அதுதான் வழி.

"இருந்தது. அதுக்கென்ன?"

"கோட்டிலை வழக்கு நடந்த காலத்திலையும் மாமி அந்தப் பொட்டாலைதானே வழக்காடின அந்த வீட்டுக்குக் கறி குடுத்தவ. மாமா ஒருநாளும் அதை அடைக்கேல்லை. நீங்கள் நாப்பத்தெட்டுப் பரப்புக்கு வேலி போட்டியள். ஒரு பொட்டு விட மறந்துபோனியள்."

அத்தான் எங்களைப் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டுக் கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நாங்கள் இருவரும் யன்னலடியில் நின்றோம். மூன்று கம்பிகளையும் ஒவ்வொன்றாக வெட்டினார். முனை ஒன்றும் குத்தாதபடி தூணோடு முறுக்கி மடக்கினார். பிறகு வீட்டுக்குள் வந்து, துடைக்கிற துணி என்று நினைத்து அக்காவின் சிவப்புச் சேலை ஒன்றை எடுத்துப்போய்ச் சர்ரென்று கிழித்து இரண்டு தூண்களிலும் கட்டினார். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு வழி திறந்திருப்பது தெரிய வேண்டுமாம். "நல்ல சீலையடி அது" என்று அக்கா என் காதில் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மதாம் ஒரு கிழமை கழித்துத்தான் வந்தாள். வந்தவளின் குதிரை பொட்டுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டது. காற்றில் துணி படபடவென்று அடிக்க, அது காதை மடித்துக்கொண்டு பின்வாங்கியது. ஆடுகிற துணிக்குக் குதிரை பயப்படும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? அத்தான் பதறியடித்து ஓடினார். தன் பேக்கரிப் பிரெஞ்சில் என்ன சொன்னாரோ, மதாம் சிரித்தபடி இறங்கினாள். அவள் துணியைக் கையில் பிடித்துக் குதிரையின் மூக்கடியில் நீட்டினாள். குதிரை மணந்து பார்த்தது. பிறகு துணி ஆடாதபடி தூணோடு சுற்றி இறுக்குவது எப்படி என்று அத்தானுக்குக் காட்டிக்கொடுத்தாள். அதற்குள் அக்கா தேத்தண்ணியும் வடையுமாகப் புல்லில் நடந்து வந்துகொண்டிருந்தாள். "பொன்ஜூர்" என்று அவள் சொன்ன சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும் என்று அத்தான் பின்னர் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

அந்த ஒரு வருடம் முடிந்ததை அக்கா கவனிக்கவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. மாரி காலத்தில் அத்தான் வாசல் பனியை வழிக்க முதல் பொட்டில் கிடக்கிற பனியைத்தான் வழிப்பார். மதாம் முட்டை கொண்டு வருவாள், அக்கா கறிவேப்பிலை போட்ட பருப்புக் கொடுத்துவிடுவாள். மற்ற வீட்டாரும் மெல்ல மெல்ல வந்தார்கள். ஏழு வருடம் அப்படிப் போனது.

போன இலையுதிர் காலத்தில் அத்தான் இல்லாமல் போனார். நெஞ்சு நோகிறது என்று ஒரு பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. செத்தவீட்டுக்கு வந்த குதிரைக்காரர்கள் கடைசி வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பனிக்காலம் முழுவதும் குடும்பத்தில் எல்லாரும் ஒரே பேச்சு: அவளுக்குக் கார் ஓடவும் தெரியாது, அந்தக் காட்டில் தனியே எப்படி இருப்பாள், வீட்டை விற்றுவிட்டு வரச் சொல். சித்திரையில் விற்பனைப் பத்திரங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு நானும் போனேன். என் தொழிலில் அதைவிடப் பாரமான பையை நான் தூக்கியதில்லை.

அக்கா வீட்டுக்குள் இல்லை. பின்வளவில், பொட்டடியில் நின்றாள். ஏழு வருட வெயிலில் சிவப்புத் துணி வெளிறி வெள்ளையாகிவிட்டிருந்தது. அவள் கையில் அத்தான் வீட்டில் உடுத்துகிற நீலக் கோடு போட்ட சாரம் இருந்தது. நடுவால் கிழித்து வைத்திருந்தாள்.

"குதிரைக்குத் தெரியாமல் போயிடும்" என்றாள். என் பையைப் பார்த்தாள். "பேப்பரே கொண்டுவந்தனீ?"

"ஓம் அக்கா."

"பேந்து அதைக் கிழிச்சுப் போடு. இப்ப இதிலை ஒரு தலைப்பைப் பிடி. இறுக்கிச் சுத்து, ஆடக் கூடாது."

நான் பிடித்தேன், அவள் சுற்றினாள். இரண்டாவது தூணில் முடிச்சுப் போடும்போது பாதையில் குளம்புச் சத்தம் கேட்டது. கிழடாகிவிட்ட அந்தச் சாம்பல் குதிரையை மதாம் மேலே ஏறாமல் நடத்திக்கொண்டு வந்தாள். புதுத் துணியைக் கண்டதும் குதிரை நின்றது. மதாம் கயிற்றை இழுக்கப் போனாள். அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"மணந்து பாக்கட்டும். அதுக்கு அவரைத் தெரியும்தானே."

குதிரை கழுத்தை நீட்டிச் சாரத்தில் மூக்கை வைத்து, வெகுநேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டது. பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு, இரண்டு தூண்களுக்கும் நடுவால் எங்கள் பக்கம் வந்தது.