திருட்டு ரத்தமும் மரவள்ளிக் காடும்

காவல்காரனுக்குக் கண் இருந்தால் மட்டும் போதாது, வேண்டிய நேரத்தில் அதை மூடிக்கொள்ளவும் தெரிய வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் அரிசியைக் கண்ணால் காணாமல், கிழங்கைத் தின்றே வயிறு ஊதிய மகாஜனங்களே, மலாயாவில் திகாம் பத்து என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், அந்த மரவள்ளிக் காட்டுக்குக் காவல் பார்த்த ஜாகா நான்தான்!

கூட்டுப் புருவம்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துபோய், மருந்து கொடுக்கிற எங்கள் டிரஸ்ஸர் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கிற வாய் சும்மா இருக்குமா? திருட்டு ரத்தத்திலேயே வருமாம். கூட்டுப் புருவமும் விடைத்த காதும் இருந்தால் ஆள் திருடனேதானாம். அவர் காதே முறம் மாதிரி இருக்கும், அதை யார் சொல்வது?

கிழங்கு காணாமல் போகிறதே என்று தவித்த தோட்டத்துக் கணக்கர், எங்கள் கிராணி, இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லாரையும் நிற்கவைத்துப் புருவம் பார்த்தார். மாட்டியவன் வீரன். அவன் அப்பன் ஊரில் ஆடு திருடி ஜெயிலுக்குப் போன கதை வேறு. "ரத்தம்!" என்று கத்தினார் கிராணி. வீரன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "ஐயா, எங்கப்பன் ஆட்டுத் திருடன். நான் கிழங்கைத் தொட்டா அந்த மனுசனுக்குத்தான் அவமானம்லா."

சாய்ந்த செடிகள்

என் காவலில் ஒரு செடிகூடச் சாய்ந்ததில்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காற்று பலமாக அடித்தது. அட கடவுளே, பாதிக் காடு படுத்துவிட்டது! தண்டை அசைக்காமல் பக்கத்தில் தோண்டி, கிழங்கை முறித்துக்கொண்டு மண்ணை மூடியிருக்கிறார்கள். கூலிக்காரர் வீட்டு வரிசை, எங்கள் லயமே கூடிச் செய்த வேலை.

மறுநாள் மத்தியானம், மாதா கோயில் பூசை தவறாத சவரியம்மா அக்காவை ரப்பர் பால் வாளி நிறையக் கிழங்கோடு பிடித்தேன். "நீங்களுமாக்கா?" என்றேன். "பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன் தம்பி. சாமியாரு, 'மிச்சம் ஏதும் இருக்கா'ன்னு கேட்டாரு." அதற்கப்புறம் தினம் ஒரு முகம் மாட்டியது, நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

லாரி வந்த காலை

ஜப்பான் ஆபீசர் லாரியோடு வந்து, கிழங்குத் திருடனைக் கேட்டான். சயாமில் தண்டவாளம் போட ஏற்றிப்போக. அங்கே போனவன் ஒருத்தனும் எங்கள் லயத்துக்குத் திரும்பியதில்லை. கிராணி வீரனைக் காட்டினார். "நீ பாத்தேன்னு சொல்லு" என்று என்னை முறைத்தார். அந்தக் காட்டில் நான் பார்க்காத ஒரே முகம் வீரனுடையதுதான்! அவன் பெண்டாட்டி மண்ணில் விழுந்து கதறினாள்.

அப்போது கிராணியின் சம்சாரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நம்ம வீட்டுல வேகுற கிழங்கு எங்கேருந்து வருதுன்னு ஒருநாளாச்சும் கேட்டீங்களா? நான்தான் தோண்டுறேன். என்னை ஏத்துங்க!"

தமிழ் தெரியாத ஆபீசர், என்ன சொல்கிறாள் என்று மலாயில் அதட்டினான். "பாபி ஹூத்தான், துவான்! எல்லாம் காட்டுப் பன்னி செஞ்சது!" என்றார் கிராணி. ஆபீசர் அவருக்குப் பளாரென்று ஒன்று கொடுத்துவிட்டு, யாரையும் ஏற்றாமலே லாரி ஏறினான். பன்னி என்றதற்கு அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவே இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீரன் என்னிடம் வந்தான். "அண்ணே, இதுவரைக்கும் ஒரு கிழங்கு தொட்டதில்ல. திருடன்னு பேருதான் வந்தாச்சே, வீட்டுல அடுப்பும் எரியல. எப்படித் தோண்டணும்னு சொல்லிக்குடுங்க."

திருட்டு ரத்தத்தில் வருமா, சேர்க்கையில் வருமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் தோட்டத்தில் அது பசியில் வந்தது, காவல்காரனே மண்வெட்டி பிடித்துச் சொல்லிக்கொடுத்தான்.