மேலே போன சுவர், அங்கேயே இருந்த தரை

சென்னையில் என் மகன் குடியிருக்கும் தெருவில் அப்போது பதினேழு கட்டடங்களில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆறை இடித்துக்கொண்டிருந்தார்கள், எட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மீதி மூன்றில் இடிக்கிறார்களா கட்டுகிறார்களா என்று சொல்ல முடியவில்லை. காலையில் நடக்கப் போனால் எண்ணுவேன். தூசி மூக்கில் ஏறி மதியம்வரை தும்முவேன். ஆனாலும் மறுநாள் போய் எண்ணுவேன்.

பதினெட்டாவதாக ஒன்று இருந்தது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. பழைய தரைத்தள வீடு. சுற்றிலும் பள்ளம் தோண்டி, சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்திருந்தார்கள். லாரிக்கு டயர் மாற்றும்போது வைப்பார்களே, அதே ஜாக்கி. சுவர் மண்ணைத் தொடவே இல்லை. குனிந்து எண்ணினேன். முன்பக்கம் மட்டும் நாற்பத்திரண்டு.

"யாருங்க அது?" என்று ஜன்னலிலிருந்து ஒரு அம்மா கேட்டார்.

"எண்ணிட்டிருக்கேம்மா. நீங்க வீட்டைக் காலி பண்ணலையா?"

"எதுக்குக் காலி பண்ணணும்? சமைச்சு சாப்பிட்டு உள்ளதான் இருக்கோம். தினம் கொஞ்சம் கொஞ்சமா தூக்கறாங்க."

உள்ளே குக்கர் விசில் அடித்தது.

"ஐயோ, உங்ககிட்ட பேசினதுல எத்தனையாவதுன்னு விட்டுட்டேன்."

"மூணாவது" என்றேன். அந்த அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்.

அன்று முழுவதும் எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. ஏனென்றால் நாங்கள் சென்னைக்கு வந்து கிடந்ததற்குக் காரணமே அரியலூரில் இருக்கும் எங்கள் வீடு பள்ளத்தில் இறங்கிப்போனதுதான். வீடு இறங்கவில்லை, ரோடு ஏறியது. நான் வேலையில் இருந்தபோது மூன்று படி ஏறி வீட்டுக்குள் போவோம். சிமெண்டு ஆலைக்கு சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் ரோட்டை உடைப்பதும், உடைந்த ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போடுவதுமாக, ஒவ்வொரு படியாக மண்ணுக்குள் போய்விட்டது. இப்போது இரண்டு படி இறங்க வேண்டும். போன கார்த்திகையில் பெய்த மழையில் கூடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அதில் என் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சென்னையில்தான் ஆபரேஷன் நடந்தது. இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவளிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறார்.

மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "ஐப்பசி மழைக்குள்ள வீட்டுக்குத் தண்ணி வராதுன்னு ஆயிட்டா அங்க இருங்க. இல்லேன்னா பூட்டிட்டு இங்கயே வந்துடுங்க."

அவன் வீடு மூன்றாவது மாடியில். குறை ஒன்றும் இல்லை, லிஃப்ட் இருக்கிறது. மனைவிதான் சொன்னாள்: "இங்க ஜன்னலைத் திறந்தா அடுத்த வூட்டு பாத்ரூம் தெரியுது. நான் போறதுன்னா என் வூட்டுலேருந்தே போறேன்."

ஜாக்கி வீட்டைப் பற்றிச் சொன்னேன். "நம்ம வூட்டைத் தூக்க முடியுமான்னு கேளுங்க. எண்ணிட்டு மட்டும் வந்துடாதீங்க" என்றாள்.

கேட்டேன். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி வாலிகண்டபுரத்துக்காரர். நம்ம பக்கம் என்று தெரிந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினார். அவர் தூக்கிய வீடுகளையெல்லாம் சொன்னார். இரண்டு மாடியோடு தூக்கியது, பிரசவித்த பெண் உள்ளே படுத்திருக்கத் தூக்கியது, சர்ச் ஒன்றைத் தூக்கியது. ஆனி மாதம் நாங்கள் அரியலூருக்குத் திரும்பியதும் அவரும் வந்து வீட்டைப் பார்த்தார். மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, தாங்கும் என்றார். பிறகு கூடத்துச் சுவரைத் தட்டி, "இந்தச் சுவர் யாருது சார்?" என்று கேட்டார்.

"எங்களுது."

"அந்தப் பக்கம்?"

"தம்பி."

"அப்போ ரெண்டு பேருதும். ரெண்டு வூட்டு உத்தரமும் இதுலதான் உக்காந்திருக்கு. தூக்கினா சேர்த்துத்தான் தூக்கணும். அவரையும் கேட்டுச் சொல்லுங்க."

அப்பா காலத்தில் ஒரே வீடாக இருந்ததை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தது. அதை மறந்துபோய் என் பங்கை மட்டும் அளந்து வைத்திருந்தேன்.

தம்பி என்னைவிட நான்கு வயது இளையவன். ரோடு ஏறியபோது நான் வாசலில் தடுப்புச் சுவர் கட்டினேன். அவன் வேறு வழி கண்டுபிடித்தான். வீட்டுக்குள் கட்டட இடிசலைக் கொட்டித் தரையை உயர்த்திவிட்டான். இரண்டு முறை உயர்த்தினான், மொத்தம் ஒன்றரை அடி. மேலே டைல்ஸ் வேறு. தண்ணீர் அவன் வீட்டுக்குள் வராது. ஆனால் மனிதர்கள் குனிந்துதான் வர முடியும். கதவுகளின் அடியை அறுத்துவிட்டான். மின்விசிறியைக் கழற்றிவிட்டான். வாசல் நிலையின் மேல்கட்டையில் பழைய தலையணை ஒன்றைக் கட்டியிருந்தான், வருகிறவர்களின் மண்டைக்காக.

நான் போய் விஷயத்தைச் சொன்னேன். தலையணையில் ஒருமுறை இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"ஏண்ணே, உன் வூடு பள்ளத்துல கெடக்கு, நீ தூக்கு. என் தரை ஏற்கெனவே ரோட்டுக்கு மேல இருக்கு. இன்னும் மூணு அடி தூக்கினா நான் ஏணி வெச்சா ஏறுறது?"

"மூணு வேணாம்னா ரெண்டு அடி தூக்கச் சொல்வோம்டா."

"ரெண்டு அடி தூக்கினாலும் பஸ்ஸுல ஏறுற மாதிரிதான் வூட்டுக்குள்ள ஏறணும். புது டைல்ஸு வேற. எடைமேடையில உக்காந்து லாரி லாரியா எண்ணி அனுப்பினது யாரு? நீ அனுப்பின லாரிதான ரோட்டை உடைச்சுது? இப்ப நான் ஏணி ஏறணுமா?"

சுண்ணாம்புக்கல் சுரங்கத்து எடைமேடையில் வேலை பார்த்துத்தான் நான் ஓய்வு பெற்றேன். ஏணி விஷயம் எனக்கும் சரியென்றே பட்டது. ஏனென்றால் தூக்கினால் பெட்டியைத் தூக்குவதுபோலத் தரையோடு சேர்ந்து எல்லாம் மேலே வரும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி சர்ச் தூக்கிய கதையையெல்லாம் சொன்னார், தரை என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. இது தெரியாத ஆள் இருப்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அடுத்த தடவை போனபோது, "ஆடியில வூட்டுல கை வைக்கக் கூடாது" என்றான் தம்பி. ஆடி முழுவதும் அதையே சொன்னான். நான் வானத்தைப் பார்ப்பதும் மாதத்தை எண்ணுவதுமாக இருந்தேன். மனைவி வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து பழகினாள். இறங்கும் படிப் பக்கம் மட்டும் போக மாட்டாள்.

ஆவணி பிறந்ததும் மேஸ்திரி ஆட்களோடு வந்து இறங்கிவிட்டார். பீகார் பையன்கள் ஒன்பது பேர். "நடுச்சுவரைத் தொடாம மூணு பக்கம் தோண்டி வெக்கறோம். அதுக்குள்ள உங்க தம்பி சம்மதிக்கலைன்னா மூடிட்டுப் போயிடறோம் சார்" என்றார். பள்ளம் தோண்டத் தொடங்கினார்கள். மேலே கப்பி, அப்புறம் பழைய தார், மறுபடி கப்பி, மறுபடி தார். ரோட்டோரம் வெட்டிய இடத்தில் எட்டு அடுக்குத் தார் எண்ணினேன். அதற்கும் கீழே, நாங்கள் ஏறி வந்த முதல் படி அப்படியே இருந்தது.

சம்மதிக்க மாட்டேன் என்ற தம்பி, தினமும் காலையில் டீ டம்ளரோடு வந்து பள்ளத்தின் ஓரத்தில் நின்றான். முதல் நாள் மேலேயிருந்து பார்த்தான். மறுநாள் குத்துக்காலிட்டுப் பார்த்தான். அதற்கடுத்த நாள் குடையை ஊன்றிக்கொண்டு பள்ளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டான். அவனும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். நான் எண்ணுவேன், அவன் நோண்டுவான். சுவரின் அடியில் செங்கல் எடுத்த சந்துக்குள் குடைக்கம்பியை விட்டுக் குத்தினான். மண் கொட்டியது. மறுபடி குத்தினான்.

"அண்ணே, இங்க வா. இந்தத் தரை எதுல மாட்டியிருக்கு?"

நானும் இறங்கிப் பார்த்தேன். இரண்டு சுவருக்கும் நடுவில் மண். மண்ணுக்கு மேல் சிமெண்டு. வேறு ஒன்றும் இல்லை.

"மேஸ்திரி! வூட்டைத் தூக்கினா தரை எங்க போகும்?"

"தரை எங்க போகும்? அங்கயேதான் இருக்கும். சுவரும் கூரையும்தான் மேல வரும். அப்புறம் உள்ள மண்ணைப் போட்டு ரொப்பிக்க வேண்டியதுதான். பூமியையே தூக்குறதுக்கு என்கிட்ட ஏதுங்க ஜாக்கி?"

தம்பி டீயை வாயில் வைத்தவன் விழுங்காமல் நின்றான்.

"அப்போ என் தரை..."

"நீங்கதான் ஏற்கெனவே ஒண்ணரை அடி போட்டுட்டீங்களே. அண்ணன் மூணு அடி ரொப்பணும். நீங்க பாதி ரொப்பினா போதும்."

"என் மண்டை?"

"தப்பிச்சுது."

தம்பி மேலே ஏறினான். தன் வாசலுக்குப் போய், நிலையில் கட்டியிருந்த தலையணையை அவிழ்த்தான். உள்ளேயிருந்து அவன் மனைவி, "ஏங்க, அதை ஏன் கழட்டுறீங்க, உங்க அண்ணன் வந்தா இடிச்சுக்குவாரு" என்றாள். "இனிமே யாரும் இடிச்சுக்க மாட்டாங்க" என்றான். அதுதான் சம்மதம். வேறு வார்த்தை எதுவும் நானும் கேட்கவில்லை.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருநூற்றுப் பதினான்கு ஜாக்கி. மேஸ்திரி விசில் ஊதினால் பையன்கள் எல்லோரும் கம்பியை ஒரே அளவு திருப்புவார்கள், நகர்ந்து அடுத்த ஜாக்கிக்குப் போவார்கள், மறுபடி விசில். உள்ளே எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அதுதான் பயம். நடுச்சுவர் அலமாரியில் ஒரு சொம்பில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஆடினால் சிந்துமே. அன்று முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிந்தவில்லை. சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனால், அதே சுவரில் அந்தப் பக்கத்து அலமாரியில் ஒரு சொம்பு, விளிம்புவரை தண்ணீர்.

"குடிக்க வெச்சிருக்கேன்" என்றான்.

"குடியேன்" என்றேன். குடிக்கவில்லை.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டி.வி.யை நிறுத்திவிட்டாள். "காலண்டர் மேல போகுது பாருங்க. நேத்து தேதி படிச்சேன், இன்னிக்குப் படம்தான் தெரியுது." இரண்டு நாளில் சுவிட்சு அவள் கைக்கு எட்டவில்லை. நான்காம் நாள் ஜன்னலின் அடிக்கட்டை அவள் மோவாய்க்கு வந்துவிட்டது. "லைட்டை அணைக்கக்கூட இனிமே ஆளைக் கூப்பிடணும். பெரிய மனுஷி ஆயிட்டேன்" என்று சிரித்தாள். விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

ஒரு மதியம் 'டப்' என்று ஒரு சத்தம். தம்பி உள்ளங்கையளவு காரைத்துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தான். மேஸ்திரி அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, "இது போன வருஷமே விழ வேண்டியது" என்று சொல்லிப் பள்ளத்தில் போட்டார்.

மூன்று அடி வந்ததும் அடியில் செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டே ஜாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். லாரியில் ஏற்றும்போது எண்ணினேன். இருநூற்றுப் பதின்மூன்று. ஒன்றைச் சுவருக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டார்கள் என்று நான் சொன்னேன். நான் தப்பாக எண்ணியிருப்பேன் என்றார் மேஸ்திரி. "இருந்தா இருந்துட்டுப் போகட்டும்ணே, நல்லா தாங்கும்" என்றான் தம்பி. எனக்கு இன்றைக்கும் அந்த ஒன்று மனதில் உறுத்துகிறது.

மண் ரொப்பித் தரை போட்டதும் தம்பி வீட்டுக் கதவுகளெல்லாம் அடியில் ஒன்றரை அடி குறைந்து நின்றன. தெருப்பூனை தாராளமாகப் போய்வந்தது. அவன் பரண் மேல் ஏறி, முன்பு அறுத்தெடுத்த துண்டுகளைக் கொண்டுவந்தான். ஒன்றையும் எறியவில்லை. மரத்தச்சனைக் கூப்பிட்டு ஒட்டவைத்தான். மேலே பச்சை, கீழே பழைய நீலம். வருகிறவர்கள் இப்போது தலையைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

ரோடு போடும்போது ஒவ்வொரு தடவையும் நான்கு அங்குலம் ஏறுகிறது. தூக்கிய மூன்று அடியும் மறுபடி மண்ணுக்குள் போக ஒன்பது ரோடு. தம்பியிடம் சொன்னேன். "ஒம்போது ரோடு வரைக்கும் நீ இருப்பியா?" என்றான். "அண்ணி இருப்பாங்க" என்றும் சொன்னான்.

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தண்ணீர், செம்மண் நிறத்தில், ஒரு செருப்பும் இரண்டு தேங்காய் மட்டையும் மிதந்து போயின. மனைவி வாசலில் நாற்காலியைப் போடச் சொன்னாள். தண்ணீர் புதுப்படியின் முதல் படியைத் தொட்டது. நான் குடையோடு நின்று அடுத்த படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வாசலில் தம்பியும் நின்றான். நெடுநேரம் அங்கேயே நின்ற தண்ணீர், மெல்ல வடிந்தது.

மகன் போன் பண்ணினான். நான் எடுப்பதற்குள் அவள் வாங்கிக்கொண்டாள்.

"தண்ணி வந்துச்சாம்மா?"

"வந்துச்சுப்பா" என்றாள். "வாசல்லேயே நின்னு பார்த்துட்டுப் போயிடுச்சு."