சாட்சி சொல்ல விடுப்பு

இந்த ஊரில் நாம் அடுத்தவர் காலை மிதித்தாலும் 'ஸாரி' சொல்வது மிதிபட்டவர்தான். லண்டனுக்கு வந்து நான்கு வருடமாகிறது. எனக்கு இன்னும் அது பழகவில்லை. நான் வேலை பார்க்கும் அரசு மருத்துவமனையில், வரவேற்பு மேசைக்கு மூன்றாவது முறையாக என்னை விட்டுவிட்டு நேற்று வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை எடுத்தார்கள். அப்போதும் மேற்பார்வையாளர் அம்மாள் "ஸாரி, லவ்" என்றுதான் சொன்னார்; இங்கே யாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கோப்பு அறையிலேயே இருப்பதில் வருத்தமில்லையே என்று கேட்டார். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அர்த்தம். சம்மதம் என்று அவர் எழுதிக்கொண்டார்.

அந்த வேலைக்கான தேர்வில் என் மதிப்பெண்தான் அதிகம். கணவர் கொடுத்த தைரியத்தில், நிறத்தைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள் என்று தீர்ப்பாயத்தில் மனுப் போட்டேன். மருத்துவமனையின் பதில் தபாலில் வந்தது: 'மனுதாரருக்குப் பொதுமக்களுடன் பழகும் பாங்கு போதாது.' கோபம் வரவில்லை. மறுபடியும் வாசித்தேன். இதே வாக்கியத்தை, இதே ஆங்கிலத்தில், நானே ஒருமுறை தட்டச்சு செய்திருக்கிறேன்.

தூத்துக்குடியில், துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரசு அலுவலகம் அது. பெயர் வேண்டாம். பக்கத்து ஊரான நாசரேத்தில் படிப்பை முடித்த கையோடு டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். சுடலைமுத்து அங்கே பியூன். சங்கு குளிக்கிறவர்களுக்கு உரிமச் சீட்டு எழுதும் குமாஸ்தா வேலைக்கான தேர்வில் அவர்தான் முதல். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவரிடம்தான் கேட்பார்கள். ஆனால் அவர் கொண்டுவந்து வைக்கும் தண்ணீரை எங்கள் சூப்பரின்டெண்ட் தொடமாட்டார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. சுடலைமுத்து சாதியைக் காரணமாகச் சொல்லி வழக்குப் போட்டார். அலுவலகத்தின் பதிலை சூப்பரின்டெண்ட் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பழகும் பாங்கு என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"எஸ்தரு, கை ஏன் நிக்கு? சொல்லுதத அடிம்மா."

அடித்தேன். மறுநாள் சுடலைமுத்து என் மேசைக்கு வந்தார்.

"யக்கா, மார்க் லிஸ்ட் நீங்கதான அடிச்சீய? கோர்ட்டுல அத மட்டும் சொல்லுங்க. போதும்."

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்றேன்.

அவர் என் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். ஆதாரம் இல்லையென்று வழக்கு தள்ளுபடியானது. அடுத்த வருடம் கல்யாணமாகி நான் விமானம் ஏறினேன்.

இங்கே விசாரணையன்று எனக்காக வந்தவர் பெட்டி என்ற வெள்ளைக்கார அம்மாள், எங்கள் மருத்துவமனை டைப்பிஸ்ட். என்னோடு அதிகம் பேசியதுகூட இல்லை. ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. எழுந்து நின்று, "பட்டியலை அடித்தது நான். இவள்தான் முதல்" என்றார். நான் ஜெயித்தேன். எல்லாரும் கை கொடுத்தார்கள். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று குழம்பி, "ஸாரி" என்றேன். பெட்டிக்குப் புரியவில்லை. "எதற்கு?" என்று சிரித்தார்.

அன்றைக்கே சுடலைமுத்துவுக்கு எழுதினேன். அந்தப் பட்டியலை அடித்தது நான்தான், அவர்தான் முதல் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எரிச்சலோடு பதில் வரும், அல்லது வரவே வராது என்று நினைத்தேன். வந்தது.

"யக்கா, கடுதாசி கெடச்சுது. மறுபடி மனு போடலாம்னு வக்கீல் சொல்லுதாரு. ஆனா நீங்க நேர்ல வந்து சொல்லணுமாம். எப்ப வாரீய?"

அவ்வளவுதான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது எனக்கு நிம்மதியா, தண்டனையா, தெரியவில்லை. ஜெயித்துக் கிடைத்த வரவேற்பு மேசை வேலையில் முதல் ஆறு மாதத்துக்கு விடுப்புக் கேட்கக் கூடாது. போராடி வாங்கிய மேசை. போனால் திரும்பவும் கோப்பு அறைதான் என்கிறார் கணவர். அவர் சொல்வதும் நியாயம்தான்.

இன்று மதியம் விடுப்புப் படிவம் வாங்கிவந்தேன். காரணம்: சாட்சி சொல்ல. போகுமிடம்: தூத்துக்குடி. அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள், உள்நாட்டுக்கு ஹோம் என்று ஒன்று, வெளிநாட்டுக்கு அப்ராட் என்று ஒன்று. ஏதாவது ஒன்றில் மட்டும் குறியிட வேண்டும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.